மலேரியா பரிசோதனையும் பெட்டி மேல் போட்ட 99-ம்

மலேரியாவுக்கு எந்தப் பரிசோதனை துல்லியம் என்று கேட்டால் உடனே ஒரு சதவீதத்தை நீட்டுகிறார்கள். 95, 98, 99... எதை வைத்து அளந்த எண் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. யார் யாரைப் பரீட்சை எழுத விட்டார்கள் என்று சொல்லாத பள்ளித் தேர்ச்சி விகிதம் மாதிரிதான் இதுவும்.

பல ஒப்பீடுகளில் அளவுகோல் நுண்ணோக்கி. கைதேர்ந்தவர் பொறுமையாகப் பார்த்தால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50 ஒட்டுண்ணி இருந்தாலே பிடித்துவிடுவார். காலையிலிருந்து ஸ்லைடு பார்த்துக் கண் பூத்துப்போனவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர் தவறவிட்டதை உடனடிப் பரிசோதனை அட்டை பிடித்துவிட்டால், பழி அட்டையின் தலையில் விழும்! சரி, பி.சி.ஆரை அளவுகோலாக வைத்தால்? இரண்டுமே மட்டமாகத் தெரியும். அது ஒன்றிரண்டு ஒட்டுண்ணியைக்கூடக் காட்டிவிடும். ஆனால் இன்றைய காய்ச்சலுக்கு அவைதான் காரணமா என்று சொல்லாது.

அட்டை விஷயம் இன்னும் சிக்கல். ஆளைக் கொல்லும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கான பெரும்பாலான அட்டைகள் ஒட்டுண்ணியைத் தேடுவதே இல்லை. அது வெளிவிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத்தான் தேடுகின்றன. நோய் குணமான பிறகும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கும், அட்டையும் "இருக்கு" என்றே சொல்லும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணி வந்தால்? 2010-ல் பெருவின் அமேசான் பகுதியிலிருந்து அப்படி ஒரு தகவல் வந்தது. பிறகு எரித்ரியாவில் நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி தெளிவாகத் தெரிய, அட்டை "இல்லை" என்றது. 2016-ல் அந்த நாடு வேறு புரதத்தைத் தேடும் அட்டைக்கு மாறியது. சிகிச்சை இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் முற்றிவிடக்கூடிய நோய் இது. "இல்லை" என்று கேட்டு வீட்டுக்குப் போனவரின் கதி என்ன?

கரண்ட் இல்லாத, லேப் இல்லாத ஊரில் 15-20 நிமிடத்தில் முடிவு சொல்லும் அட்டை பெரிய வரம்தான், மறுக்கவில்லை. அதைக் காட்டி நுண்ணோக்கியை மூலையில் போடுவதுதான் அநியாயம். அட்டையில் சிக்கும் ஒட்டுண்ணி மருந்தில் சாகிறது, சிக்காதது தப்பித்துப் பெருகுகிறது. ஆக, பயன்படுத்தப் பயன்படுத்த அந்த 99 தேய்ந்துகொண்டே போகலாம். மரபணு இல்லாததால் தவறவிடுவது 5 சதவீதத்தைத் தாண்டினால் அட்டையை மாற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டியதா என்பதைத் தவறவிட்ட அட்டையே சொல்லாது. ஸ்லைடு பார்க்கத் தெரிந்தவரையும் அனுப்பிவிட்டால் எண்ணிச் சொல்ல அங்கே யார் இருப்பார்கள்?