பைபாஸுக்குப் பிறகு ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஹெச்.ஆர்.வி: 50-க்குக் கீழே போனால் ஆபத்தா?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர் கையில் பிள்ளைகள் ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிடுவது இப்போது சகஜம். அதில் ‘ஹெச்.ஆர்.வி 28’ என்று வந்தால் வீடே பதறிப்போகிறது. 50-க்குக் கீழே போனால் ஆபத்து என்று இணையத்தில் போட்டிருக்கிறதே! உண்மை என்ன?

ஹெச்.ஆர்.வி என்றால் என்ன?

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம், கடிகாரம் மாதிரி சரியாக விநாடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.95 விநாடி, அடுத்தது 1.04 விநாடி என மாறும். இந்த வித்தியாசம்தான் ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி. மூச்சு, தூக்கம், பதற்றத்துக்கு ஏற்ப நரம்பு மண்டலம் இதயத்தை எப்படி இயக்குகிறது என்பதை இது காட்டும்.

அந்த ‘50’ எங்கிருந்து வந்தது?

மாரடைப்பு வந்த 808 பேரிடம் நடந்து, 1987-ல் வெளியான ஆய்வு அது. 50 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. ஆனால், அது ஹோல்டர் கருவி மாட்டி 24 மணி நேரம் பதிவு செய்த கணக்கு. பல வாட்ச்கள் குறைந்த நேரமே அளக்கின்றன. சிலவற்றில் கணக்கிடும் முறையே வேறு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு?

பைபாஸ் முடிந்ததும் பெரும்பாலானோருக்கு ஹெச்.ஆர்.வி குறையும். பழைய நிலைக்கு வர சில மாதங்கள் ஆகலாம். அதனால் ஒரு எண்ணை மட்டும் வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது.

எண் திடீரென எகிறினால் நல்லதா? அதுவும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான துடிப்பு வந்தாலும் எண் கூடும். பைபாஸ் செய்தவர்களில் ஏறக்குறைய 4-ல் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில நாட்களில், இது வருவதுண்டு. பக்கவாதத்துக்கும் வழிவகுக்கலாம்.

வடசென்னைக்கு என்ன சம்பந்தம்?

பி.எம் 2.5 நுண்துகள் அதிகமானால் ஹெச்.ஆர்.வி குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சில மணி நேரம் சுவாசித்தாலே மாரடைப்பைத் தூண்டலாம் என 2010-ல் அமெரிக்க இதய சங்கம் எச்சரித்தது. திருவொற்றியூரை ஒட்டிய மணலியை, கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாக 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்டது. ‘தினமும் நடங்க’ என்பது டாக்டர்கள் சொல்லும் அறிவுரை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவு சாலை ஓரம் நடப்பதைவிட, உள் தெருக்களில் நடப்பது நல்லது. மாத்திரையை நேரத்துக்குப் போடுவது நோயாளியின் கையில் இருக்கிறது. காற்றைச் சுத்தமாக வைப்பது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டிய வேலை.

எப்போது உடனே போகணும்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், படபடப்பு இருந்தால் வாட்ச் ‘நார்மல்’ என்று காட்டினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.