கருவி வரட்டும், சுவர் விழட்டும்!



கண்ணை மறைத்துக்கொண்டு உலகைக் காணும் காலம் வந்திருக்கிறது. தலையில் ஒரு கருவியை மாட்டினால் போதும்; கண்முன்னே தெரு விரிகிறது, கடை திறக்கிறது, கையை நீட்டினால் பொருள் வருகிறது. மெய்நிகர்க் காட்சி என்பது அதன் பெயர். பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் பயன்பட்டு வந்த அந்தக் கருவி, இன்று சிறைக் கதவையும் தட்டியிருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இலும் 2016இலும் வழங்கிய தீர்ப்புகளால், சிறுவயதில் சிறை புகுந்து வாழ்நாள் முழுதும் வெளிவர இயலாதெனக் கருதப்பட்டோர் பலருக்கு விடுதலைக்கு வழி பிறந்தது. பிள்ளையாய்ப் போனவர் நரையோடு திரும்பும் நிலை! கடையில் பொருள் வாங்குவதற்கும் இயந்திரத்தில் துணி வெளுப்பதற்கும்கூட, கொலராடோ சிறையில் இக்கருவி கொண்டு பயிற்சி தந்தனர். பார்சிலோனா ஆய்வாளர்கள், பெண்ணைத் தாக்கித் தண்டனை பெற்ற ஆண்களை அடிபடும் பெண்ணின் இடத்தில் நிற்க வைத்தனர். பெண்ணின் முகத்தில் தோன்றும் அச்சத்தை அடையாளம் காணும் ஆற்றல் அவர்களிடம் கூடியதாக 2018இல் எழுதினர். பின்லாந்தின் ஹமீன்லின்னா நகரிலுள்ள பெண்கள் சிறையில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணினி தரப்பட்டது.

நமக்கு இவை எட்டாத கனிகள் அல்ல; தேவையற்றவையும் அல்ல. 2008இல் உள்ளே போன ஒருவன் இன்று பாளையங்கோட்டைச் சிறைவாயிலைக் கடந்து வெளியே வருகிறான் என்று வையுங்கள். அவன் அறிந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு 2016இலேயே செல்லாதாயிற்று. தேநீர்க்கடையில் சில்லறைக்குப் பதில் கட்டம் கட்டமாய் ஒரு சதுரத்தாள் தொங்குகிறது. வேலை கேட்டாலும் கைப்பேசி, உதவித்தொகை கேட்டாலும் கைப்பேசி! தண்டனை முடிந்தும் அவன் அயலானாகவே நிற்கிறான். அவனுக்கு உலகை மீண்டும் கற்பிப்பது சலுகையா? இல்லை, கடமை.

ஆனால் கடமைக்கும் வரிசை உண்டு. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள்! பிணை கிடைத்தும் ஆணை வந்து சேராமல் உள்ளே கிடந்தோர் எத்தனை பேர்! பிணை ஆணையை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்புக என்றும், ஏழு நாளில் விடுதலையாகாவிடில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க என்றும் 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரியதல்லாத குற்றச்சாட்டில் முதன்முறை சிக்கியவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடுவிக்க வழி செய்கிறது. அதற்காக நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளரிடமே ஒப்படைக்கிறது. அந்த நாளை எண்ணிச் சொல்லக் கணினிக்கு ஒரு நொடி போதும். உலகைக் காட்டும் கண்ணாடி பிறகு வரட்டும். உலகுக்கு அனுப்பும் கணக்கு முதலில் வரட்டும்!

கருவி எல்லாம் நன்மையே என்று மயங்கவும் வேண்டாம். மேற்கு வர்ஜீனியாச் சிறைகளில் கைக்கணினியை இலவசமாய்த் தந்துவிட்டு, உலகம் விலையின்றிப் படிக்கும் பழைய நூல்களைப் படிப்பதற்கு நிமிடக் கணக்கில் காசு கேட்டது ஒரு நிறுவனம். 2019இல் அது அம்பலமாயிற்று. பூட்டிய அறையிலும் வணிகன் கடை விரிக்கிறான்! நம் நாட்டிலோ, நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது கைதியைக் காணொலியில் காட்டினாலே போதும் என்று சட்டம் இடம் தருகிறது. பயணம் மிச்சம், காவலர் மிச்சம், மெய்தான். ஆனால் 2023இல் அம்பாசமுத்திரத்தில், காவலில் வைக்கப்பட்டோரின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்ததே! வீங்கிய வாயை, நடுங்கும் காலை, பேச அஞ்சும் நாவை நேரில் கண்டு கேட்கும் நீதிபதிக்குத் திரை ஈடாகுமா? கைதியை வீட்டாரோடு இணைக்கும் திரையை வரவேற்போம்; நீதிபதியிடமிருந்து அவனை மறைக்கும் திரையை எதிர்ப்போம்!

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1908இல் வ.உ.சிதம்பரனார் அடைபட்ட சிறை பாளையங்கோட்டைச் சிறை. 1965 மொழிப்போரில் கலைஞர் கருணாநிதி தனிமையில் வைக்கப்பட்ட சிறை அது. அந்தச் சிறையில், சாதிக்கொரு கட்டடமாகக் கைதிகள் பிரித்து வைக்கப்பட்டனர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் மோதலைத் தவிர்க்கவே அப்படி என்று அரசுத் தரப்பு சொன்னது; சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சுகன்யா சாந்தா என்னும் இதழாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சிறையில் சாதிப் பிரிவினை அரசமைப்புக்கு முரண் என்றது. கைதிப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது.

“பிரித்து வைத்தால்தானே உயிர் பிழைக்கும்?” என்று கேட்போர் இருக்கின்றனர். அக்கேள்வியை எள்ளி நகையாடேன். அஞ்சுவோரின் அச்சம் மெய்யானது. ஆனால் அதே சிறைக்குள்தான் 2021 ஏப்ரலில் ஓர் இளைஞர், விசாரணைக் கைதி, அடித்துக் கொல்லப்பட்டார். பிரித்து வைப்பது பகையை அழிப்பதன்று, பூட்டி வளர்ப்பது. பூட்டிய பகை ஒருநாள் வெளிவரும். சிறைக்குள் இல்லையேல் ஊருக்குள் வரும். குற்றத்தின் தன்மையையும் வயதையும் தனிப்பகையையும் பார்த்துப் பிரிக்கட்டும், கண்காணிக்கட்டும். பிறப்பைப் பார்த்துப் பிரிக்கும் சிறை, திருத்தும் சிறை ஆகாது. ஏட்டில் அடித்த பத்தி கணினிக்குள் கள்ளத்தனமாய்க் குடிபுகவும் கூடாது!

இங்கேதான் அந்தக் கண்ணாடிக்கு உண்மையான வேலை இருக்கிறது. அரிவாள் எடுத்தவன் அதை மாட்டிப் பார்க்கட்டும். வெளிநாட்டுக் கடைத்தெருவை அல்ல. வெட்டுண்டவனின் தாய் நிற்கும் வாசலை! நெல்லைத் தமிழில், நம் ஊர்த் தெருவில், நம் கலைஞர்களே அக்காட்சியைப் படைக்கட்டும். அதைப் பார்த்து முடித்தபின், பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் வேறு சாதிக்காரனாகவும், ஒரே பாடத்தின் தோழனாகவும் இருக்கட்டும். அப்படி இல்லையேல், கண்ணாடி காட்டுவது கனவு. கழற்றினால் தெரிவது பழைய சுவர்.

தோழர்களே, இது அரசின் வேலை மட்டுமன்று. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று பெயரிட்டுச் சிறைத்துறை நூல் கேட்டபோது மக்கள் அள்ளிக் கொடுத்தனர். நூல் கொடுத்த கை, திரும்பி வருவோனுக்கு வேலையும் கொடுக்க வேண்டும். உங்கள் ஒன்றியத்தில் பிணைக்கு ஆளின்றி வாடுவோர் யார் என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். விடுதலையாகி வருவோனுக்குக் கைப்பேசியும் வங்கியும் கற்றுக்கொடுங்கள். அவன் எந்தத் தெருக்காரன் என்று கேட்காதீர்கள்.

1843இல் தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் கட்டிய பாலம் நெல்லையையும் பாளையையும் இணைத்தது. பாலத்தில் நடப்பவனை அது சாதி கேட்டதில்லை. நாம் கொண்டுவரும் கருவியும் அத்தகைய பாலமாகட்டும். ஒரு கரையில் சிறை. மறு கரையில் ஊர். கருவியைக் கட்டுவது அறிவியலின் வேலை. ஊரைத் திறந்து வைப்பது நம் வேலை!