வரைபடம் காட்டாத வழி

வெளிநாட்டுக்குப் புறப்படுகின்றவர் எவராயினும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எந்த வழியாற் போவது வசதி?" தூரத்தையும் கட்டணத்தையும் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். என்னோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு அண்மையில் நேர்ந்த அநுபவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

நண்பருடைய மகள் ரொறன்ரோவில் வாழ்கின்றாள். அவளுடைய முதற் பிரசவத்துக்குத் துணையாக நண்பரும் மனைவியாரும் செல்லவேண்டியிருந்தது. கனடிய விசாவும் கிடைத்துவிட்டது. பூமிசாஸ்திரம் படிப்பித்தவராகையால் நண்பர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தரைவழியே 400 கிலோமீற்றருக்குக் கிட்டிய தூரம். ஓர் இரவுப் பிரயாணம். பலாலியிலிருந்து சென்னையோ ஆகாயவழியாக ஏறத்தாழ 350 கிலோமீற்றர்தான். "வீட்டு வாசலில் விமானம் நிற்கும்போது கொழும்புக்கு ஏன் அலையவேண்டும்?" என்றார். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து ஐக்கிய அமெரிக்க நகரொன்றில் மாறி ரொறன்ரோ செல்வதற்கு வேறொரு சீட்டுமாக வாங்கினார். விலை மிகக் குறைவு. விற்ற முகவர் விலையைத் தவிர வேறெதுவுஞ் சொல்லவில்லை.

பயணத்துக்கு ஐந்து நாட்களின் முன், விமானத்துறையிற் பணிபுரியும் எங்கள் பழைய மாணவன் ஒருவன் விடைகொடுக்க வந்தான். நானும் அங்கிருந்தேன். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தவன் முகம் மாறி, "சேர், இந்திய விசா எங்கே? அமெரிக்க விசா எங்கே?" என்று கேட்டான்.

"அந்த நாடுகளில் நாங்கள் தங்கப்போவதில்லையே!" என்றார் நண்பர்.

தங்குவதும் தங்காததும் அங்கே கேள்வியன்று. ஒரே சீட்டிற் செல்பவரின் பொதிகள் இறுதி விமான நிலையம் வரை தாமாகவே போய்ச் சேரும். அவர் இடைமாறும் மண்டபத்திலேயே காத்திருந்து அடுத்த விமானம் ஏறலாம். இரண்டு தனிச் சீட்டுகளில், முதற் பயணம் முடியுமிடத்திற் பொதியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவேண்டி வருமாயின், அவர் அந்நாட்டின் குடிவரவு வாயிலைக் கடந்தேயாகவேண்டும். அதற்கு விசா வேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டு முதல் இலங்கையருக்கும் மின்னணு விசா உண்டு. முன்கூட்டியே அறிந்திருந்தால் அது பெருந்தடையன்று. ஐக்கிய அமெரிக்காவிலோ இடைமாறுவோருக்கெனத் தனி ஒழுங்கே இல்லை. இரண்டு மணித்தியாலம் மட்டும் நிற்பவரும் குடிவரவு அதிகாரியின் முன் நின்றாகவேண்டும். அந்த விசாவை ஐந்து நாட்களிற் பெறுவது நடவாத காரியம்.

இதிலே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஷெங்கன் நாடுகள், தம் விமான நிலையத்தில் இடைமாறுவதற்குக்கூட விசா கேட்கும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையையும் வைத்திருக்கின்றன. ஆயினும் கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் செல்லுபடியான விசா உடையோருக்கு விலக்கு உண்டு. ஆகவே என் நண்பர் ஐரோப்பிய நகரொன்றில் ஒரே சீட்டில் மாறியிருந்தால், கையிலிருந்த கனடிய விசாவே அவரைக் காத்திருக்கும். அமெரிக்க நகரில் அதே விசா பயன்படாது. இந்த வேற்றுமையை எந்தத் தேசப்படமும் காட்டுவதில்லை. ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்து, ஒரே கட்டணஞ் செலுத்திய இருவருக்கு, அவரவர் கடவுச்சீட்டின்படி வழி வேறாகின்றது.

இவ்விதிகளைக் காப்பவர் எல்லையில் நிற்கும் அதிகாரி மாத்திரமல்லர். புறப்படும் இடத்திலே சீட்டைப் பரிசோதிக்கும் விமானக் கம்பனி ஊழியரும் அவ்வேலையைச் செய்கின்றார். இதன் வரலாற்றில் நம்மவருக்கும் பங்குண்டு. 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அடைக்கலம் கோரிய இலங்கைத் தமிழர் ஐம்பதுக்கு மேற்பட்டோரைத் திருப்பியனுப்ப முயன்றபோது, அவர்கள் உடைகளைக் களைந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அடுத்த மாதமே பிரித்தானிய அரசு புதிய சட்டமொன்றைக் கொண்டுவர முற்பட்டது. உரிய பத்திரமின்றி ஒருவரை ஏற்றிவரும் கம்பனி ஆளொன்றுக்கு 1,000 பவுண் செலுத்தவேண்டுமென அச்சட்டம் விதித்தது. அபராதத்துக்கு அஞ்சும் ஊழியர், ஐயத்துக்கு இடமுள்ள பிரயாணியை ஏற்ற மறுப்பதில் வியப்பில்லை. எல்லை இவ்வாறு ஆயிரக்கணக்கான மைல்கள் நகர்ந்து, நாம் புறப்படும் இடத்துக்கே வந்துவிட்டது.

எல்லைகள் மனிதர் வகுத்தவையாதலால், மனிதர் விரும்பினால் அவை இசைந்து கொடுக்கவுஞ் செய்யும். சுவிற்சர்லாந்தின் பாசெல் நகருக்குரிய விமான நிலையம் முழுவதும் பிரெஞ்சு மண்ணில் இருக்கின்றது. 1946ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது; 1949ஆம் ஆண்டில் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து அதனைக் கூட்டாக நடத்தலாயின. ஒரு வாயிலால் வெளிவந்தாற் பிரான்சு. மறு வாயிலால் வெளிவந்தாற் சுவிற்சர்லாந்துக்குச் செல்லும் தனிப்பாதை. இரு அரசுகளும் தத்தம் இறைமையை இழக்காமலே பிரயாணியின் சிரமத்தைக் குறைத்தன.

நம்முடைய பலாலியின் கதை வேறு. 1947ஆம் ஆண்டு டிசெம்பரில் எயர் சிலோன் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையிற் புறப்பட்ட விமானம் இவ்வழியாகவே சென்னைக்குச் சென்றது. யுத்தம் அவ்வழியை அடைத்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிற் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று; சில மாதங்களில், 2020ஆம் ஆண்டு மார்ச்சில், தொற்றுநோயால் நின்றது; 2022ஆம் ஆண்டு டிசெம்பரிலேதான் மீண்டும் தொடங்கியது. 2025ஆம் ஆண்டில் திருச்சிக்கும் சேவை பிறந்தது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் விமானம் வந்திறங்குவதனால் மட்டும் ஒரு வழி வழியாகிவிடாது. அது இடையறாது நடத்தல் வேண்டும். தூரதேசங்களுக்குச் செல்லும் சேவைகளோடு ஒரே சீட்டில் இணைதல் வேண்டும். பொதி இறுதிவரை செல்லுதல் வேண்டும். இவற்றுக்கு இரு அரசுகளும் கம்பனிகளும் கூடிப் பேசியாகவேண்டும். அதுவரை, சென்னையோடு பயணம் முடிவோருக்கே பலாலி உண்மையான வசதி. அப்பாற் செல்வோர் ஆராய்ந்தே அடியெடுத்து வைக்கவேண்டும்.

ஆராய வேண்டியவை மூன்று. சீட்டு ஒன்றா, இரண்டா? மாறுவது ஒரே விமான நிலையத்திலா, அன்றி ஹீத்ரோவில் இறங்கிக் கற்விக்கில் ஏறுவதுபோல் நகரைக் கடந்தா? இடையிலுள்ள ஒவ்வொரு நாடும் நம் கடவுச்சீட்டிடம் என்ன கேட்கின்றது? விதிகள் மாறுவன, ஆதலால் மூன்றாவது கேள்வியை அவ்வந்நாட்டுத் தூதரகத்திடமே கேட்டல் நன்று. இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே விலையைக் கேட்கவேண்டும்.

நண்பருக்குச் சீட்டுப் பணம் திரும்பவில்லை. கடன் பட்டுப் புதுச் சீட்டு வாங்கி, இரவு முழுவதும் பேருந்திற் சென்று, கட்டுநாயக்காவிற் புறப்பட்டு, வளைகுடா நகரொன்றில் மாறி ரொறன்ரோ சேர்ந்தனர். அவர்கள் சேருவதற்கு இரண்டு நாட்களின் முன்பே பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் சேயும் சுகம் என்று நண்பர் எழுதியிருந்தார். தனியாகவே பிரசவ அறைக்குச் சென்ற மகளைப்பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.