பழைய "டர்போ" காருக்கு வந்த மவுசு! விலையைப் பார்த்து ஏமாறும் வாலிபர்கள்

அமெரிக்காவில் பழைய ஜப்பான் கார்களுக்கு யோகம் அடித்து இருக்கிறது.

ஒரு காலத்தில் கேட்பாரற்று மூலையில் கிடந்த "டர்போ" கார்களை இப்போது வாலிபர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, தாங்களே பிரித்து, தாங்களே பூட்டி, ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் முதல் காரிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் பலர். வண்டியும் ஓடுவது இல்லை. போட்ட பணமும் திரும்புவது இல்லை.

ஏன் இப்படி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

அது என்ன "டர்போ"?

கார் என்ஜினில் இருந்து புகை வேகமாக வெளியே வருகிறது. சாதாரண காரில் அந்த வேகம் வீணாகப் போகிறது. டர்போ காரில் அந்தப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கிறது.

காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். சின்ன என்ஜின், பெரிய என்ஜின் போல இழுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதற்கு 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்பிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர். சாதாரண மக்கள் வாங்கும் காரில் இது வந்தது 1962-ம் ஆண்டு, அமெரிக்காவில். 1980-களில் ஜப்பான் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு டர்போ கார்களைச் செய்தன. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. பார்த்தாலே ஓடுவது போல இருக்கும்.

25 வயது சட்டம்

அந்தக் கார்களில் பல ஜப்பானில் மட்டுமே விற்கப்பட்டன. அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப செய்யப்படாத கார்களை அங்கே கொண்டுபோக முடியாது. 1988-ம் ஆண்டு வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது.

ஆனால் அதில் ஒரு வாசல் திறந்து இருந்தது. காருக்கு 25 வயது ஆகிவிட்டால் அந்த விதி கட்டுப்படுத்தாது!

நிஸ்ஸான் கம்பெனியின் "ஸ்கைலைன் ஜி.டி.ஆர்." கார் 1989-ம் ஆண்டு வந்தது. அது அமெரிக்காவுக்குள் சட்டப்படி நுழைய 2014 வரை காத்திருந்தது. அதன் தம்பியான 1999-ம் ஆண்டு மாடலுக்கு 2024-ல்தான் கதவு திறந்தது. ஒவ்வொரு மாதமும் 25 வயது நிறைந்த கார்கள் புதிதாகத் தகுதி பெறுகின்றன.

ஜப்பானிலோ கதை வேறு. அங்கே 13 ஆண்டைக் கடந்த பெட்ரோல் காருக்கு வரி கூடுகிறது. 2 ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனைக்கும் செலவு செய்ய வேண்டும். "போதும்டா சாமி" என்று பலர் விற்று விடுகிறார்கள். ஜப்பானுக்குச் சுமையாக இருப்பது அமெரிக்காவுக்கு சொத்தாகக் கப்பல் ஏறுகிறது.

சினிமா செய்த வேலை

சட்டம் ஒரு பக்கம் என்றால், சினிமா இன்னொரு பக்கம். 2001-ம் ஆண்டு வந்த "தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ்" படத்தில் ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா கார் பறந்தது. அன்று பள்ளிக்கூடப் பையன்களாகப் பார்த்தவர்கள் இன்று சம்பளம் வாங்குகிறார்கள். பாசம் போகவில்லை.

படப்பிடிப்பில் நடிகர் பால் வாக்கர் ஓட்டிய அந்த சுப்ரா, 2021-ம் ஆண்டு ஏலத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய்!

அது சினிமாவில் நடித்த கார், அதனால் அந்த விலை. ஆனால் அதன் வெளிச்சம் எல்லா பழைய சுப்ரா மீதும் விழுந்தது. 1993-ம் ஆண்டு முதல் வந்த அந்த மாடல் சாதாரண சம்பளக்காரன் கைக்கு எட்டாமல் போயிற்று.

அண்ணன் கார் மலிவு

அப்போது வாலிபன் என்ன செய்வான்? அதற்கு முந்தைய மாடலைப் பார்க்கிறான். 1986 முதல் 1993 வரை வந்த அண்ணன் சுப்ரா. 3 லிட்டர், 6 சிலிண்டர், டர்போ. பெயரும் அதே சுப்ரா. விலையோ தம்பியை விட எவ்வளவோ குறைவு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

அந்த என்ஜினுக்கு ஒரு பிறவி நோய் உண்டு. என்ஜினின் அடிப்பகுதிக்கும் "ஹெட்" என்ற மேல்மூடிக்கும் நடுவே தகடு போல ஒரு "கேஸ்கட்" இருக்கும். எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் தடுப்பது அதுதான். இந்த மாடலில் ஹெட் போல்ட்டுகள் போதிய இறுக்கம் இல்லாமல் தொழிற்சாலையில் இருந்து வந்தன என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த விஷயம். டர்போ அழுத்தமும் சூடும் சேர, கேஸ்கட் "புட்டுக்கொள்ளும்".

அப்புறம் என்ன? ரேடியேட்டர் தண்ணீர் மாயமாகக் குறையும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போலக் கலங்கி இருக்கும்.

இதைச் சரி செய்ய முடியாதா? முடியும். ஹெட்டையும் அடிப்பகுதியையும் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி, உலோக கேஸ்கட் வைத்து, பலமான போல்ட் போட்டு, அளவு பார்த்து முறுக்கினால் பல ஆண்டு உழைக்கும். ஆனால் செலவுக்குப் பயந்து பலர் சீவாமலே புது கேஸ்கட்டை வைத்து மூடிவிடுகிறார்கள். சில மாதத்தில் மறுபடி அதே வியாதி. உடனே வண்டி விற்பனைக்கு வந்துவிடும்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டி. சின்ன வேலைதான் இருக்கு" என்பார் விற்பவர். அந்த "சின்ன வேலை"யை அவரே ஏன் செய்யவில்லை என்று வாங்குபவர் கேட்பது இல்லை.

மலிவு விலை என்பது காரின் விலை அல்ல. இன்னொருவர் பாதியில் விட்ட வேலையின் விலை!

சுமை கூலி முக்கால் பணம்

ஒருவர் கையில் 10 ஆயிரம் டாலர் சேமிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் கொடுத்துக் காரை வாங்கினால் மறுநாள் நட்டு வாங்கக்கூட காசு இருக்காது. 4 ஆயிரத்துக்கு ஓடாத காரை வாங்கினால் மீதி 6 ஆயிரமும் என்ஜினுக்கே போய்விடும். பிரேக், டயர், டிங்கர் வேலை எல்லாம் பாக்கி நிற்கும். "சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்" என்ற கதைதான்.

6 ஆயிரத்துக்கு ஓடுகிற, துரு இல்லாத காரை வாங்கி, 4 ஆயிரத்தைக் கையில் வைத்திருப்பவரே கரை சேர வாய்ப்பு உண்டு. வாரம் முழுதும் வேலை, ஞாயிறு மட்டும் கார் என்று இருப்பவருக்கு, ஓடுகிற வண்டி உற்சாகம் கொடுக்கும். பிரித்துப் போட்ட வண்டி அலுப்பைத்தான் கொடுக்கும்.

உதிரி பாகம் இன்னொரு தலைவலி. 30 ஆண்டு ஆன காருக்குப் பல சாமான்கள் வருவது நின்றுவிட்டது. கிராக்கியைக் கண்ட நிஸ்ஸான் கம்பெனி 2017-ம் ஆண்டு முதல் பழைய ஜி.டி.ஆர். காருக்கு மீண்டும் பாகங்களை விற்கத் தொடங்கியது. டொயோட்டாவும் 2020-ம் ஆண்டு இரண்டு சுப்ரா மாடல்களுக்கும் சில பாகங்களை மீண்டும் செய்யப்போவதாக அறிவித்தது. எல்லா பாகமும் வரவில்லை. கிடைப்பவையும் மலிவு அல்ல.

என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காகிதம். பெரிய விபத்தில் நொறுங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட காருக்கு அமெரிக்காவில் தனி முத்திரையுடன் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

அடுத்து துரு. பளபளக்கும் பெயிண்டை நம்பக்கூடாது. சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கரத்தின் மேல் வளைவிலும் கதவுக்கு அடியிலும் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பு இல்லை, பட்டி! என்ஜினைக் கழற்றி மாற்றலாம். உடம்பு அரித்த காரை மாற்ற முடியாது.

பிறகு புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ போயிருக்கலாம், பிஸ்டன் ரிங் போயிருக்கலாம். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம். 6 சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கும் சோதனை செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி இருந்தால் வந்த வழியே திரும்புவது மேல்.

ஓட்டிப் பார்த்தபின் சட்டென்று சாவியைத் திருப்பி அணைக்கவும் கூடாது. டர்போ தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டுமே. சூட்டோடு நிறுத்தினால் உள்ளே நிற்கும் ஆயில் கருகி கரியாகி பேரிங்கைத் தின்றுவிடும். ஓரிரு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துவதே பழக்கம்.

உயிருக்கும் ஆபத்து

புதுசாக இறங்கும் வாலிபர் முதலில் செய்யும் காரியம் டர்போ அழுத்தத்தைக் கூட்டி வேகம் பார்ப்பது. இது தலைகீழ் வேலை. முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும். பிரேக், டயர், தண்ணீர் ஓட்டம், பெட்ரோல் குழாய், அதன்பின் என்ஜின். வேகம் கடைசி.

பெட்ரோல் குழாய் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. 30 ஆண்டு ஆன ரப்பர் காய்ந்து வெடிக்கும். பக்கத்திலேயே சிவக்கச் சூடேறிய டர்போ இருக்கிறது. ஒரு சொட்டு விழுந்தால் போதும். வண்டி வாங்கிய அன்றே குழாய்களை மாற்றுவதும், தீயணைப்பானைப் பக்கத்தில் வைப்பதும் அவசியம்.

வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி வழுக்கினால் 1,500 கிலோவுக்கு மேல் எடை நெஞ்சில் விழும். இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட்டுவதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளைச் சத்தம் இல்லாமல் கொன்றுவிடும்.

நம்ம ஊருக்கு வருமா?

"இப்படி ஒரு கார் நம்ம அண்ணா சாலையில் ஓடுமா?" என்று கேட்கலாம். பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதானால், அது செய்யப்பட்டு 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது பொது விதி. எனவே 30 வயது சுப்ரா இங்கே இறங்க வழி இல்லை. இங்கே உள்ள காரிலும் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்ட விதியை சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் உறுதி செய்து இருக்கிறது.

ஆனால் பழைய வண்டி வாங்கும் எவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பழைய ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, பழைய சுப்ராவாக இருந்தாலும் சரி. விலை பேசும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை நீங்க ஏன் விக்கிறீங்க?"

பதில் சொல்லத் தயங்கினால் பணத்தை சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.