மண்கோட்டை என்றால் இளக்காரமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்கிழக்கே, வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை மேடு இருக்கிறது. 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என ஆயிரக்கணக்கில் பொருள்கள் கிடைத்தன. சந்தோஷந்தான்.

ஆனால் இவ்வட்டாரத்தில் சேற்றூர், கொல்லங்கொண்டான், சிவகிரி என்று பாளையங்களும் இருந்தனவே! பாளையக்காரர் கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணால் எழுந்தவை. அவற்றைப் பற்றிப் பேச்சே குறைவு.

மண்சுவர்தானே என்று எண்ண வேண்டாம். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். மண்ணிலோ குண்டு புதைந்துபோகும். சுற்றிலும் முள்வேலி வேறு. பாஞ்சாலங்குறிச்சியையே பாருங்கள். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களிலேயே கோட்டை மறுபடி எழுந்துவிட்டது. கல்கோட்டையானால் நடக்கிற காரியமா? மார்ச் 31-ந் தேதி ஏறிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ந் தேதிதான் கோட்டை விழுந்தது. பிறகு தரைமட்டம்.

1968-69-ல் தோண்டியபோது அடித்தளங்கள் வெளிப்பட்டன. ஆனால் ஜனங்கள் திரண்டு பார்ப்பது 1974-ல் கட்டிய நினைவுக்கோட்டையை!

கல்லுக்கு மதிப்புண்டு, வீடு கட்டவாவது எடுத்து வைப்பார்கள். மண்மேட்டுக்கு அந்த மதிப்பும் இல்லை. வயலுக்கு அடிக்க, செங்கல் சூளைக்கு என்று வண்டி வண்டியாகப் போய்விடும். இன்று மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு மேடு இரண்டு நாள் வேலை. கிராமக் கணக்கில் 'கோட்டை' என்று பெயருள்ள நிலங்களையெல்லாம் அதிகாரிகள் முதலில் குறித்து வைக்கட்டும். தோண்டுவது பிறகு இருக்கட்டும்.