பயிற்றுநரை வாழவைத்தது எது?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அப்பால் தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் மீனவ ஊர் பொழியூர். சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பும் ஊர் என்றே கேரளம் அதனை அறியும். 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கேரளம் அக்கோப்பையைப் பெற்றபோது, அணியில் பொழியூரின் சீசன் இருந்தார்.

இத்தகைய ஊர்களைப் பற்றிய எழுத்துகள் கடல், மணல், வறுமை, பிறவித் திறமை என்ற சொற்களோடு நின்றுவிடுகின்றன. திறமையைச் செப்பனிடுபவரைப் பற்றி அவை பேசுவதில்லை. அவர் பெரும்பாலும் அணிக்கு அணி மாறி ஆடி ஓய்ந்த, ஊருக்கு வெளியே பெயர் அறியப்படாத ஒரு முன்னாள் ஆட்டக்காரர். இதே வட்டத்தின் கோவளம் கடற்கரையில் மீனவப் பிள்ளைகளைக் கொண்டு கோவளம் எஃப்.சி.யை வளர்த்த எபின் ரோஸும் முன்னாள் ஆட்டக்காரரே.

இவ்வகை மனிதர்களை நெடுங்காலம் தாங்கி நின்றவை துறை அணிகள். டைட்டானியம், கேரளக் காவல்துறை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி ஆகியவை ஆட்டக்காரருக்கு நிலையான வேலை தந்தன. கால் தளர்ந்த பின்னும் சம்பளம் வந்தது. ஆகவே மாலைப் பொழுதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூலியின்றிக் கொடுக்க முடிந்தது. எல்லைக்கு இப்பாலும் இதே வழிதான். சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடிய சையத் சபீர் பாஷா, அவ்வணிக்கே பயிற்றுநராகி, 2022இல் சென்னையின் எஃப்.சி.யின் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநர் பொறுப்புவரை உயர்ந்தார்.

தொழில்முறைக் கழகங்கள் வேறு கணக்கில் இயங்குபவை. 1997இல் தோன்றிய எஃப்.சி. கொச்சின் அவ்வாண்டே டூரண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளில் கலைந்தது. விவா கேரளாவும், பெயர் மாறியும், 2012க்குமேல் நீடிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரருக்கு எஞ்சுவது அனுபவம் மட்டுமே.

துறை அணிகள் ஆட்டத்தைத் தேங்கவைத்தன என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எனினும் அவை இலவசமாக ஈந்த பயிற்றுநர்களுக்கு மாற்று எதுவும் உருவாகவில்லை. பயிற்றுநர் உரிமம் பெறும் செலவையும் இன்று அவரவரே சுமக்க நேர்கிறது.

கடற்கரைப் பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் ஊதியமுள்ள பயிற்றுநர் பணியிடம் உருவாக்குவதே இதற்குரிய விடை. அதைச் செய்யாமல் அடுத்த கோப்பைக்கு மட்டும் பொழியூரை நினைவுகூர்வது, விதைநெல்லை உண்டுவிட்டு அறுவடையை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.