எட்டு போல்ட்டும் ஒரு தலைமுடியும்

ஆரணி என்றதும் பட்டுப் புடவை நினைவுக்கு வருகிறதா? அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆரணி இருக்கிறது. அந்த வட்டாரத்துக்கும் வேகமான கார்களுக்கும் பழைய உறவு உண்டு.

கொஞ்சம் தெற்கே வந்தால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950-களில் தொடங்கி 1980-கள் வரை கார், பைக் ரேஸ் நடந்த இடம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தபிறகு ரேஸ் அங்கே போய்விட்டது. இந்தப் பக்கம் திருவள்ளூரில், 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராயின. அதன் பின் வந்த சீடியா, பல ஆண்டுகள் ராலி ஓட்டுபவர்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத், மில்லிங், ஃபோர்ஜிங் என்று இரும்போடு பழகிய கைகள் ஏராளம்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞர் பழைய லான்சரையோ சீடியாவையோ வாங்கினால், கொஞ்ச நாளில் அதை ‘ரேஸ் வண்டி’ ஆக்கும் ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசையில் பலர் கைவைப்பது ஃப்ளைவீலில். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுழலும் கனமான இரும்புத் தட்டு அது. எஞ்சின் துள்ளாமல் சீராக ஓடுவதற்கு அந்தக் கனம் தேவை. அதைக் குறைத்தால், ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே எஞ்சின் சீறும்.

புது ஃப்ளைவீலுக்குத் தயங்காமல் செலவு செய்வார்கள். அதைப் பிடித்திருக்கும் போல்ட் என்று வரும்போதுதான், “பழசே நல்லாத்தானே இருக்குண்ணே, அதையே போட்டுடலாமே” என்ற பேச்சு வரும். விவரம் தெரிந்த மெக்கானிக், “தம்பி, அது வேணாம்” என்பார்.

ஏன் என்று பார்ப்போம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது இருப்பதோ எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். ஓட்டுபவரின் காலுக்கும் அதற்கும் அதிக தூரம் கிடையாது.

சுழலும் இரும்பு சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு ரேஸ் உலகில் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. 1970-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸின் காரில் கியர் அமைப்பு வெடித்துச் சிதறியது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியே போய்விட்டது. அங்கே உடைந்தது ஃப்ளைவீல் அல்ல. ஆனால் அதே இடத்தில், அதே வேகத்தில் சுழலும் இன்னோர் இரும்பு. அடுத்த ஆண்டே அவர், எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு காரைக் கட்டி ஓட்டினார். அந்த வகை ரேஸ் கார்கள் எல்லாமே பிறகு அந்த வழிக்கு வந்தன.

சரி, போல்ட் எப்படிப் பிடிக்கிறது? ஆணி மாதிரி குறுக்கே நின்று தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட் ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது அது துளி நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும்போது ஃப்ளைவீலையும் கிராங்கையும் சேர்த்து நசுக்குகிறது. அந்த நசுக்கலில் வரும் உரசல்தான் எஞ்சினின் முழு பலத்தையும் கடத்துகிறது.

ஒரு கணக்கு. நல்ல தரத்திலுள்ள 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று சரியாக முடுக்கினால் சுமார் மூன்றரை டன் இழுவையில் நிற்கும். எட்டு போல்ட் என்றால் 28 டன். இவ்வளவு இழுவைக்கு அந்த போல்ட் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.06 மில்லிமீட்டர் போல. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்!

விஷயமே இதில்தான் இருக்கிறது. ஃப்ளைவீலுக்கும் கிராங்குக்கும் நடுவே தலைமுடி அளவு பெயின்ட், துரு, பிசிறு இருந்தாலும் போதும். வண்டி ஓட ஓட அது நசுங்கும். போல்ட்டின் இழுவை முழுக்கக் காணாமல் போகும். பிறகு ஃப்ளைவீல் லேசாக அசையத் தொடங்கும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் போல்ட்டின் கழுத்தில் அடி விழும். கடைசியில் உடையும்.

இனி போல்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் தலையைப் பாருங்கள். 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருக்கும். 10.9 என்றால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஏறக்குறைய 100 கிலோ இழுவையில்தான் அறும். அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 12.9 என்றால் 120 கிலோ. தயாரிப்பாளரின் குறியும் இருக்க வேண்டும். எண்ணும் குறியும் இல்லாத போல்ட் கேட்டுக்குப் போடலாம், ஃப்ளைவீலுக்கு ஆகாது.

பளபளப்பில் மயங்காதீர்கள். மிகக் கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடலாம். அப்படிப் புகுந்தால், முடுக்கி வைத்த போல்ட் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தானாகவே வெடித்து உடையும். இந்த வகை போல்ட்டுகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நீளமும் முக்கியம். புது ஃப்ளைவீலின் தடிமன் பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. போல்ட் நீளமாக இருந்தால் துளையின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு டைட் போலத் தெரியும், ஃப்ளைவீலோ லூஸாக இருக்கும். குட்டையாக இருந்தால் மரை போதுமான அளவு பிடிக்காது. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் குறைந்தது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை மரை ஏற வேண்டும்.

பழைய போல்ட்டை ஏன் போடக் கூடாது? பல கார்களில், நிரந்தரமாக நீளும் எல்லை வரை முடுக்கும் போல்ட்டுகளைத்தான் கம்பெனியே போடுகிறது. அவை ஒருமுறை மட்டுமே உழைக்கும். பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும், துவண்டுபோன ரப்பர் பேண்டின் கதைதான். சர்வீஸ் புத்தகம் ‘புதிது போடு’ என்றால் மறுபேச்சு வேண்டாம்.

பொருத்துவதிலும் ஒரு வரிசை உண்டு. கிராங்கின் முகத்தையும் ஃப்ளைவீலின் முகத்தையும் துடைத்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். துளையிலுள்ள பழைய பசையையும் எண்ணெயையும் எடுக்க வேண்டும். சில எஞ்சின்களில் அந்தத் துளை உள்ளே எண்ணெய் இருக்கும் பக்கம் வரை திறந்திருக்கும். அங்கே மரைப் பசை தடவாவிட்டால் எண்ணெய் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். பிறகு எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராக, மூன்று தவணையாக முடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முடுக்கினால் தட்டு சாய்ந்து உட்காரும்.

‘டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கியாச்சு, பிறகென்ன’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போடும் பலத்தை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போல்ட் தலைக்கு அடியில் உரசலுக்கே சுமார் 50 ரூபாய் போய்விடும். மரை உரசலுக்கு 40. மிச்சம் 10 ரூபாய்தான் போல்ட்டை நீட்டுகிறது. காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரைக்கு வைத்தால், உரசல் குறைந்து இழுவை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். துருப்பிடித்த மரையில் நேர் எதிராக, ரெஞ்ச் ‘கிளிக்’ என்னும், போல்ட் பாதிகூட நீண்டிருக்காது. அதனால் அளவைப் பார்க்கும்போதே, எண்ணெய் தடவியா தடவாமலா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் ‘இத்தனை டிகிரி கூடுதலாகத் திருப்பு’ என்றும் இருந்தால், உரசலின் ஏமாற்று வேலையைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

ரேஸ் காரே இல்லாத வீட்டுக்கும் இது உதவும். கிளட்ச் வேலைக்கு உங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது ஃப்ளைவீலைக் கழற்றினார்கள் என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். போல்ட் புதிதா? மரையைச் சுத்தம் செய்தீர்களா? எந்த அளவில் முடுக்கினீர்கள்? நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். புத்தகத்தைத் திறந்து அளவைக் காட்டுவார்.